கரையில் இறங்க ஓர் இடம்

“தண்ணியில எதுக்கு மாப்ளே பாதை? போற எடமெல்லாம் பாதைதானே” என்றார் மாமா. பரங்கிப்பேட்டையில் பல வருடம் வல்லம் வைத்துத் தொழில் பார்த்தவர். சியாட்டிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வரைபடத்துக்கு முன்னால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்ற பிறகுதான் இதைக் கேட்டார். கஸ்கேடியா கடல்வழியின் வரைபடம் அது. தெற்கே ஒலிம்பியாவிலிருந்து வடக்கே கனடா எல்லை வரை பியூஜெட் சவுண்ட் என்கிற உள்கடலும் அதைத் தொடர்ந்த நீர்ப்பரப்பும் நீலமாகக் கிளைவிட்டுக் கிடக்கும். கரைகளிலும் தீவுகளிலும் சின்னச் சின்னக் கூடாரக் குறிகள். வழி என்று பெயர் இருக்கிறதே தவிர, எங்கேயும் ஒரு கோடு கிடையாது. மாமா கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. “கோட்டையே காணோமே, வெறும் புள்ளியால்ல இருக்கு?” சிறு படகில் போகிறவர்கள் இரவு தங்குவதற்கான இடங்கள் அவை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி அடங்கவில்லை. தண்ணீரை யாரும் வெட்டி விடவில்லை, கடல்மட்டம் ஏறி வற்றுகிற ஓதத்தை யாரும் ஏற்றி இறக்கவில்லை. அப்படியென்றால், ‘கடல்வழியை உருவாக்கினோம்’ என்று இங்கே பெருமையோடு சொல்கிறவர்கள் உண்மையில் எதைத்தான் உருவாக்கினார்கள்?

1990இல் வாஷிங்டன் மாநிலத்தில், கயாக் என்ற ஒடுங்கலான துடுப்புப் படகில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1993இல் கடல்வழி திறந்தது. அடுத்த வருடமே தேசியப் பொழுதுபோக்குப் பாதை என்ற அங்கீகாரம் கிடைத்தது. புத்தாயிரம் பிறந்த சமயத்தில் நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த 16 பாதைகளில் இதுவும் ஒன்றாக இடம்பெற்றது. இன்று 60க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மாநிலப் பூங்காக்களுக்குள்ளே, மற்றவை மாநில நிலங்களிலும் உள்ளூர்ப் பூங்காக்களிலும். இவற்றுக்கு ஒரு விதி உண்டு. துடுப்பாலோ பாயாலோ ஓடுகிற, கரையில் இழுத்துப் போடக்கூடிய படகில் வந்தவர்தான் அங்கே கூடாரம் அடிக்கலாம். காரில் வந்தவருக்கும் இல்லை, மோட்டார் படகில் வந்தவருக்கும் இல்லை. முதலில் கேட்டபோது இது கொஞ்சம் அதிகப்படியான சலுகையாகக்கூடத் தோன்றும். ஆனால் காரணம் நியாயமானது. மோட்டார் படகுக்காரர் இந்த இடம் நிறைந்துவிட்டால் அரைமணி நேரத்தில் அடுத்த துறைக்குப் போய்விடுவார். கயாக்கில் சாதாரண ஆள் 3 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் பெரிய விஷயம். வடக்கே டிசெப்ஷன் பாஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் 8 நாட் வரை ஓடும். அங்கே தண்ணீர் அனுமதிக்கும் நேரத்தில்தான் நீங்கள் நகர முடியும். இருட்டும் வேளையில் களைத்து வந்து சேர்கிறவரிடம் ‘இடமில்லை, அடுத்த ஊர் பார்’ என்றால் அவர் எங்கே போவார்?

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் விழுந்தால் நீந்திக்கொண்டே படகைப் பிடிக்கலாம். பியூஜெட் சவுண்டில் வருடம் முழுக்கவே தண்ணீர் 8 முதல் 13 டிகிரிதான். கவிழ்ந்தால் மூச்சு திக்குமுக்காடி நிலைப்பதற்கே ஒரு நிமிடம் ஆகும். அதன்பிறகு கைகால் நாம் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் நினைவு போய்விடலாம் என்று இங்கே கயாக் சொல்லித்தருகிறவர்கள் முதல் வகுப்பிலேயே சொல்வார்கள். அதனால்தான் வெயில் சுள்ளென்று அடிக்கிற ஜூலையிலும் நாங்கள் ரப்பர் உடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு இறங்குகிறோம். இப்படிப்பட்ட தண்ணீரில் கரை என்பது வெறும் அழகுக் காட்சி இல்லை. காற்று திரும்பினால், தோள் பிடித்துக்கொண்டால், கூட வருகிறவருக்கு வாந்தி வந்தால், ஒதுங்க ஓர் இடம் துடுப்புப் போடும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும்.

இவ்வளவு பயத்தோடு எதற்குப் போகவேண்டும் என்று அத்தை கேட்டார். அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். பிளேக் தீவை எடுத்துக்கொள்வோம். சியாட்டிலின் உயரமான கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாலம் கிடையாது, தண்ணீர் வழியாகத்தான் போகமுடியும். ஃபான்ட்லராய் துறையில் படகை இறக்கி, ஃபெரி கிளம்பிப் போகும் வரை காத்திருந்து, அது எழுப்பிய அலை அடங்கியதும் குறுக்கே வலித்துப் போவோம். நடுவில் ஒரு கட்டத்தில் நகரத்தின் இரைச்சல் சட்டென்று அறுந்துவிடும். அப்புறம் துடுப்பிலிருந்து சொட்டுகிற சத்தம்தான். கடல்நாய் என்கிற சீல் ஒன்று தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு முழுகும். ஓங்கலுக்கு உறவான சின்ன பார்பாய்ஸ்கள் மூச்சு விடுகிற ‘புஸ்’ என்ற சத்தம் பக்கத்திலிருந்து வரும், திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போயிருக்கும். கயாக்கில் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருப்பதால், ஃபெரி மேல்தளத்திலிருந்து பார்க்கிற கடல் வேறு, இது வேறு. தீவின் வடமேற்கு முனையில், பட்டை உரிந்து செக்கச்செவேலென்று நிற்கும் மட்ரோனா மரங்களுக்குக் கீழே, எங்களைப்போல வருகிறவர்களுக்கென்றே சில கூடார மேடைகள். ஒலிம்பிக் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது ஒற்றை பர்னர் அடுப்பில் ரவா உப்புமா கிளறிச் சாப்பிட்டிருக்கிறோம். ரக்கூன்கள் மட்டும் ஜாக்கிரதை. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த பிராணிகள் அவை.

மாமா கயாக்கில் ஏற ஒத்துக்கொள்ளவே பல நாள் ஆனது. காலை உள்ளே நீட்டி உட்காருகிற படகின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காற்றில்லாத ஒரு காலையில், இருவர் வலிக்கும் கயாக்கில் முன்னால் உட்கார வைத்து, வேஷான் தீவின் மேற்கே கால்வோஸ் நீரிணைக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் துடுப்பைத் தொடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க ஒரே பக்கமாத்தான் இழுக்குது போலிருக்கே” என்றார். அசந்துபோனேன். ஓதம் ஏறினாலும் சரி, வற்றினாலும் சரி, கால்வோஸில் நீரோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே போகும். நீரோட்டக் கையேட்டைப் படித்து நாங்கள் தெரிந்துகொண்ட விஷயம் அது. அவர் கரையோரம் மிதந்த ஒரு பாசித் தண்டையும் அதைத் தாண்டிப் போன நுரையையும் பார்த்துச் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது முன்னாலிருந்து ஒரே சீராக வலித்தவர் அவர்தான்.

தண்ணீர் எல்லாருக்கும், மண் சிலருக்கு

மாமா வருவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் என் மனைவியும் தெற்கே கேஸ் இன்லெட் என்ற நீண்ட கடற்கழியில் போய்க்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. அலை பெரிதில்லை, ஆனால் எதிர்க்காற்று. ஒரு மணி நேரம் வலித்தும் கரையில் அதே வீடு அதே இடத்தில் நின்றது. ஒதுங்கலாம் என்று பார்த்தால், ஓதம் முழுக்க ஏறியிருந்த நேரம் அது. வரிசையாக வீடுகள், வீடுகளுக்குக் கீழே கான்கிரீட் தடுப்புச் சுவர்கள். தண்ணீர் நேராகச் சுவரில் மோதித் திரும்புகிறது. படகை இழுத்துப் போட ஒரு பாய் அகலத்துக்குக்கூட மணல் இல்லை. கடைசியில் ஒரு வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே சிறு மணல்திட்டு கண்ணில் பட்டது. இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் படியிறங்கி வந்தார். கோபமாகப் பேசவில்லை. வற்று எல்லை வரைக்கும் இது தன் நிலம், கொஞ்சம் இளைப்பாறிவிட்டுக் கிளம்புங்கள், மூன்று மைல் தள்ளி மாநிலப் பூங்கா இருக்கிறது என்றார். நாங்கள் கிளம்பும் வரை அங்கேயே நின்றார். மனைவியின் விரல்கள் துடுப்பைப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

சட்டப்படி அவர் சொன்னது சரி. நம் ஊரில் கடற்கரை யாருடையது என்ற கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை. இங்கே அப்படியில்லை. 1889இல் வாஷிங்டன் மாநிலமானபோது, ஓதம் ஏறி இறங்கும் நிலம் முழுக்க அரசுடைமை என்று அறிவித்தார்கள். அறிவித்த கையோடு அதைத் தனியாருக்கு விற்கவும் தொடங்கினார்கள். 1971இல் விற்பனையை நிறுத்தும்போது பாதிக்கு மேல் கைமாறிவிட்டது. ஒலிம்பியா பக்கம் ஓதம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நம் கோரமண்டல் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் இங்கே வற்றும்போது வெளிப்படுகிற நிலம் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் ஏறி நிற்கும்போது அந்த நிலத்தின் மேலே நீங்கள் மிதந்து போகலாம், யாரும் தடுக்க முடியாது. ஆறு மணி நேரம் கழித்து அதே மண்ணில் கால் வைத்தால் அத்துமீறல். பக்கத்து மாநிலமான ஓரிகன் 1967இலேயே சட்டம் போட்டுத் தன் கடற்கரையை மக்களுக்கென்று உறுதிசெய்துகொண்டது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் வலிக்கும்.

அந்த நாளைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் வாக்குவாதம்தான். கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர், விடிந்து பார்த்தால் மணலில் கண்ணாடிச் சில்லும் அணையாத நெருப்பும் கிடப்பதைச் சொன்னார். அதற்குப் பயந்துதான் எல்லாரும் ‘உள்ளே வராதே’ என்று பலகை வைக்கிறார்கள் என்றார். நான் விடவில்லை. குளிரில் நடுங்குகிறவன் மண்ணைத் தொடுவதற்கு ஒருவர் அனுமதி வேண்டுமா, இது என்ன நியாயம் என்று பேசுவேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த வாதம் முழுமையாக இல்லை என்ற உணர்வு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. எது விட்டுப்போகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

ஆல்கை கடற்கரையில்

2023 ஜூலை கடைசியில் பழங்குடிகளின் தோணிப் பயணம் சியாட்டிலின் ஆல்கை கடற்கரைக்கு வந்தது. மாநிலத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, 1989இல் குயினால்ட் இனத்தைச் சேர்ந்த எம்மெட் ஆலிவர் முன்னின்று நடத்திய சியாட்டில் பயணத்தில் தொடங்கிய வழக்கம் இது. ஏறக்குறைய மறைந்துபோயிருந்த கடல்தோணிகள் மறுபடி தண்ணீரில் இறங்கின. இப்போது கோடைதோறும் ஓர் இனம் விருந்தோம்ப, மற்ற இனத்தார் பல நாள் துடுப்பு வலித்து அங்கே வந்து சேர்கிறார்கள். கொரோனாவால் 2019க்குப் பிறகு நின்றிருந்த பயணம், அந்த வருடம்தான் மீண்டும் நடந்தது. மக்கிள்ஷூட் இனத்தார் விருந்தோம்பினார்கள். மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம்.

தோணிகள் முனையைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்தன. நேராக வந்து கரையேறியிருக்கலாம். மணல் அங்கேதான் இருக்கிறது, வரவேற்க ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள், சமையல் மணம் கடற்கரை வரை வருகிறது. ஒருவரும் ஏறவில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி நின்று, துடுப்புகளைச் செங்குத்தாக மேலே உயர்த்திப் பிடித்தார்கள். அமைதியோடு வந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம். அப்புறம் ஒவ்வொரு தோணியிலிருந்தும் ஒருவர் எழுந்து பேசினார். நாங்கள் இன்ன இனத்தார், இன்ன ஆற்றிலிருந்து, இன்ன தீவிலிருந்து வருகிறோம், எங்கள் முன்னோர் இன்னார், நெடுந்தூரம் வலித்து வந்திருக்கிறோம், களைத்திருக்கிறோம், உங்கள் கரையில் இறங்க அனுமதி கேட்கிறோம். சிலர் முதலில் தங்கள் மொழியில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்கள். கரையிலிருந்து பதில் வந்தது: வாருங்கள், இறங்குங்கள், சாப்பிடுங்கள், உங்கள் பாட்டைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகுதான் தோணி மண்ணைத் தொட்டது. தொட்டதும் கரையில் நின்ற ஆட்கள் ஓடிப்போய், தோணியை அப்படியே தோளுக்குத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள்.

ஒரு தோணியில் எழுந்து நின்றது பதினைந்து பதினாறு வயதுப் பெண். குரல் நடுங்கியது, நடுவில் வார்த்தை மறந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்த பெரியவர் மெல்ல எடுத்துக்கொடுக்க, அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கரையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எவருக்கும் அவசரமில்லை. ஒரு தோணி, ஒரு கேள்வி, ஒரு பதில் என்று மணிக்கணக்காக நடந்தது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரவேற்பு என்று ஒருவரும் சுருக்கவில்லை.

மாமா வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: “கூப்பிட்டுத்தான் வர்றாங்க. சோறு ஆக்கி வச்சிருக்காங்க. இருந்தாலும் கேக்கறாங்க பாரு, மாப்ளே.” கொஞ்சம் கழித்து, “நம்மூர்ல காத்துக்குப் பயந்து வேத்தூர் படகு ஒதுங்கினா, மொதல்ல பஞ்சாயத்தாருக்கு ஆள் போவும். அப்புறம் அடுப்பு மூட்டுவாங்க. எறங்கக் கூடாதுன்னு சொன்னதா ஞாபகமில்ல. ஆனா சொல்லாம எறங்கினவன் மேல நம்பிக்கை வராது” என்றார்.

எனக்கு விட்டுப்போயிருந்தது இதுதான். இறங்கும் உரிமை பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மண்ணோடு காலங்காலமாக உறவுள்ளவர் யார், அவரிடம் யார் கேட்டார்கள் என்ற பக்கத்துக்கு நான் போகவே இல்லை. நாங்கள் நின்றிருந்த அதே ஆல்கையில்தான் 1851 நவம்பரில், சியாட்டிலை நிறுவிய வெள்ளைக் குடியேறிகளின் கூட்டம் கப்பலிலிருந்து இறங்கியது. அதற்கு நினைவுச் சின்னமும் அங்கே நிற்கிறது. 1854, 1855 ஒப்பந்தங்களில் பழங்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைக் கைவிடவில்லை. அரசு அதை மதிக்கவில்லை. வழக்காடி, சிறைக்குப் போய், 1974இல் நீதிபதி போல்ட்டின் தீர்ப்பில் பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்றானது. 1994இல் நீதிபதி ரஃபீடி சிப்பிக்கும் அது பொருந்தும் என்றார். தனியாருக்கு விற்றுவிட்ட ஓத நிலமாக இருந்தாலும், அங்கே இயல்பாக விளையும் சிப்பியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எங்களைக் கிளம்பச் சொன்ன அம்மாளின் பத்திரத்துக்கும் முந்தைய உரிமை ஒன்று அந்த மணலுக்கு அடியில் இருக்கிறது. இவ்வளவு உரிமை இருப்பவர்கள்தான் அன்று தண்ணீரில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த வரைபடத்தைப் பார்த்தபோது மாமா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் யாரோ முன்கூட்டியே போய்க் கேட்டு வாங்கி வைத்த அனுமதி. பூங்கா அதிகாரிகளிடமும் நகராட்சிகளிடமும் நிலத்துறையிடமும் தன்னார்வலர்கள் நடையாய் நடந்து, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வாங்கியவை. நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் மாதிரி: நடக்கிறவன் நடந்துகொண்டுதான் இருப்பான், அவனுக்காக இன்னொருவர் யோசித்து நட்டு வைத்தது. பாதைக்கென்று மனிதர்கள் செய்த வேலை இதுதான்.

அனுமதி தேய்ந்துபோகும்

வாங்குவதைவிடக் காப்பாற்றுவதில்தான் வேலை அதிகம். அட்லாண்டிக் கரையில் மெய்ன் மாநிலத்தில் 1988இல் தொடங்கிய தீவுவழிதான் இந்த மாதிரி முயற்சிகளுக்கு முன்னோடி. ஏறக்குறைய 375 மைல் நீளம், 200க்கும் மேற்பட்ட இடங்கள். அவற்றில் பல தீவுகள் தனியாருடையவை. உரிமையாளர் கைகுலுக்கிச் சம்மதிக்கிறார், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் அது இத்தனை வருடம் நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு தீவுக்கும் பொறுப்பெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, குப்பை பொறுக்கி, நெருப்பு போட்ட தடத்தைக் கலைத்து, நிலைமையைத் தெரிவிக்கிற உறுப்பினர்கள் இருப்பதால்தான். வாஷிங்டனில் பெரும்பாலும் பொது நிலம் என்பதால் யாரும் நாளைக்கே விரட்டிவிட மாட்டார்கள். ஆனால் யாரும் கவனிக்காமல் போகும் அபாயம் உண்டு. குளிர்காலப் புயலில் பெரிய மரக்கட்டைகள் வந்து படிக்கட்டை உடைத்துவிட்டுப் போகும். அடுத்த கோடையில் அந்த இடம் வரைபடத்தில் இருக்கும், ஏறுவதற்கு வழி இருக்காது.

கடல்வழி அமைக்க வேண்டும் என்று எங்கே பேச்சு வந்தாலும் பணம் முதலில் வண்ணப் பலகைக்கும் செயலிக்கும் போவதைப் பார்க்கிறேன். என் கருத்தில் முதல் பணம் கழிப்பறைக்குப் போகவேண்டும். ஒரு சிறு தீவில் நாலு கூடாரம் கோடை முழுக்க இருந்தால் மனிதக் கழிவு என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். கரையோர வீட்டுக்காரர்களும் சிப்பி எடுக்கிறவர்களும் முதலில் முறையிடுவது அதைப் பற்றித்தான். அடுத்து, இரவு காரை விட்டுப்போக ஓர் இடம். படகு இறக்கும் துறைகள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் இரவு வண்டி நிறுத்தக் கூடாது என்று போட்டிருக்கும். இரவு தங்கத்தானே கிளம்புகிறோம்? மூன்றாவதாக, மேடையிலிருந்து நீர்விளிம்புக்கு இருக்கும் தூரம். இருவர் கயாக் ஏற்றிய சுமையோடு எழுபது எண்பது கிலோ வரும். வற்று நேரத்தில் பாசி படிந்த கல்லின் மேல் அதைத் தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்தவர்களுக்குத் தெரியும், எந்த இடம் உண்மையில் தங்குமிடம், எந்த இடம் வரைபடத்துக்கு மட்டும் தங்குமிடம் என்று.

கேட்டுப் பெற முடியாத அனுமதியும் இருக்கிறது. கோடையில் தாய் சீல்கள் குட்டியைக் கரையில் விட்டுவிட்டு இரைக்குப் போகும். ஆளைக் கண்டால் தாய் திரும்பிவரத் தயங்கும். அழகான மணல் என்று நாம் தேர்ந்தெடுக்கிற இடம் அதற்கும் அழகான மணல்தான். இங்கேயே வாழ்கிற, ‘தெற்கத்திய’ என்று பெயர் பெற்ற ஓர்க்காத் திமிங்கிலக் கூட்டம் எண்பதுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அவற்றிடமிருந்து ஆயிரம் கெஜம் விலகியிருக்கவேண்டும் என்பது சட்டம், எஞ்சின் இல்லாத கயாக்குக்கும்தான். சத்தமே போடாத எங்களுக்கு எதற்கு இது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆல்கையில் அந்த மதியத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் குறை இல்லை. தள்ளி நின்று காத்திருப்பதும் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்வதோடு சேர்ந்ததுதான்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்

ஊர் திரும்பிய பிறகு மாமா போனில் அடிக்கடி இதைப் பற்றியே பேசுகிறார். வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் உப்பங்கழிகள் வழியாகக் கொள்ளிடம் வரை தண்ணீர் தொடர்ந்து கிடக்கிறது. இன்று பிச்சாவரத்தில் சீட்டு வாங்கி, படகோட்டியோடு ஒரு சுற்று போய்வரலாம். துடுப்பு வலிக்கத் தெரிந்தவர் நிதானமாக இரண்டு நாள் எடுத்துப் போக வழியில்லை. இதை ஒரு வழியாக்கினால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். எங்கே தங்குவது, எத்தனை மைலுக்கு ஓர் இடம் என்று செயற்கைக்கோள் படத்தில் குறித்து அனுப்பினேன்.

மாமா அதைப் பார்த்துவிட்டு வேறு கேள்விகள் கேட்டார். கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். வாய்க்காலில் கயாக் வரிசையாக வந்தால் அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? தண்ணீர் கலங்கினால் அன்றைய பிடிப்பு என்ன ஆகும்? சின்னவாய்க்கால் பக்கம் 2004 சுனாமியில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மணலில் வெளியூர்க்காரன் கூடாரம் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? கிள்ளையில் படகோட்டிகளின் பிழைப்பு இதனால் கூடுமா, குறையுமா? வனத்துறை அனுமதி கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஒரு மனு போதும். இவர்களிடம் மனு கொடுத்து ஆகாது, போய் உட்கார்ந்து பேசவேண்டும் என்றார்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றில் வெள்ளம் வடியும் பிப்ரவரியில் ஊருக்குப் போகிறேன். படகு எதுவும் எடுத்துப் போகவில்லை. முதலில் கிள்ளையில் படகோட்டிகளைப் பார்ப்பது, அப்புறம் இருளர் குடியிருப்பில் பெரியவர்கள் யார் என்று விசாரித்துப் போய்ப் பேசுவது, அப்புறம் கழிமுகத்து ஊர்களின் பஞ்சாயத்தார் என்று மாமா வரிசை சொல்லியிருக்கிறார். நான் குறித்து அனுப்பிய இடங்களில் எத்தனை மிஞ்சும் என்பதை அவர்கள் சொல்லட்டும். யாராவது வேண்டாம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவோம். வழி அங்கே துண்டுபட்டால், துண்டுபட்ட வழியாகவே இருக்கட்டும். கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்கள், அந்தக் கழிகளில் தொழில் செய்கிற குடும்பங்களைத் தெரிந்தவர்கள், யாரை முதலில் பார்க்கவேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.